முதலில் தொகை, அப்புறம் ஊர்

விடுமுறைக்கு எங்கே போகலாம், எவ்வளவு செலவாகும் என்று திட்டம் போட்டு வரச் சொல்வது கணக்கு சொல்லிக்கொடுக்கும் எல்லோருக்கும் பிடித்த ப்ராஜெக்ட். பிள்ளைகளுக்கும் கொண்டாட்டம். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஊர் ஊராகப் படம் தேடலாம், வெட்டி ஒட்டலாம், கலர் பேனாவை எடுக்கலாம். பிடித்த ஊரைச் சொல்லு, டிக்கெட், தங்குமிடம், சாப்பாடு, சுற்றிப் பார்க்க ஆகும் செலவு என்று தலைப்புப் போடு, கடைசியில் கூட்டு. வேலை முடிந்தது. சார்ட் அழகாக இருந்தால் மார்க்கும் அழகாக விழும்.

இதில் கணக்கு எங்கே இருக்கிறது என்று தேடினால்தான் சங்கடம். நாலைந்து எண்களைக் கூட்டுவது சின்ன வகுப்புப் பாடம். அதை எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பிள்ளை செய்து காட்டினால் அது கணக்கு ப்ராஜெக்ட் இல்லை, ஓவிய ப்ராஜெக்ட். வரும் கூட்டுத்தொகை எதையும் தடுப்பதில்லை. எட்டாயிரம் வந்தாலும் சரி, எண்பதாயிரம் வந்தாலும் சரி, இரண்டு கோடு போட்டு அடியில் எழுதிவிட வேண்டியதுதான். விடை எதுவாக இருந்தாலும் சரி என்றால் அந்தக் கேள்வியில் கணக்கு இல்லை என்று அர்த்தம்.

இன்னொரு சங்கடமும் உண்டு, அதைப் பலர் பேசுவதில்லை. 'உன் கனவுப் பயணம்' என்று தலைப்புக் கொடுத்தால், போன வருஷம் விமானத்தில் போய் வந்த பிள்ளைக்கு எழுத நிறைய இருக்கும். விடுமுறை என்றாலே வீட்டில் இருப்பது என்று வளர்ந்த பிள்ளை, பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து எழுதும். யார் வீட்டில் எவ்வளவு வசதி என்பதை வகுப்பில் விரித்துக் காட்டுவதற்கு ஒரு ப்ராஜெக்ட் தேவையே இல்லை.

அதனால் நான் ஊரைக் கேட்பதில்லை, தொகையைக் கொடுத்துவிடுகிறேன். எல்லோருக்கும் ஒரே தொகை. எந்த நாட்டுப் பணம் என்றுகூடச் சொல்வதில்லை, 1000 அலகு, அவ்வளவுதான். நாலு பேர். போக வர டிக்கெட் தலைக்கு 90. இரண்டு பேர் தங்கும் அறை ஒன்றுக்கு இரவு வாடகை 30. சாப்பாடு ஒருவருக்கு நாளொன்றுக்கு 12. உள்ளூரில் சுற்ற ஒரு வண்டி, நாளைக்கு 20. இவ்வளவும் பலகையில் எழுதிவிட்டு ஒரே ஒரு கேள்வி: அதிகபட்சம் எத்தனை நாள் போய் வரலாம்?

கூட்டிப் பழகிய கை இங்கே தடுமாறும். சிலர் ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பார்கள். அதுவும் நல்ல வழிதான், தடுக்க மாட்டேன். போட்டுக்கொண்டே போனால் நாளுக்கு நாள் ஒரே அளவு ஏறுகிறது என்பது கண்ணில் படும். அங்கிருந்துதான் சமன்பாடு தானாக வரும். எத்தனை நாள் தங்கினாலும் மாறாத செலவு ஒன்று: டிக்கெட் 360. நாளோடு ஏறும் செலவு இன்னொன்று: சாப்பாடு 48, வண்டி 20. அறை மட்டும் கொஞ்சம் குறும்பு. ஐந்து நாள் பயணத்தில் தங்குவது நாலே இரவு. இதைப் பாதி வகுப்பு கவனிக்காது. வேலிக்குப் பத்துக் கம்பம் நட்டால் இடைவெளி ஒன்பதுதான் என்கிற அதே விஷயம். அறை வாடகையை 60 × (நாள் − 1) என்று எழுதிச் சுருக்கினால்,

செலவு = 300 + 128 × நாள்

என்று நிற்கும். இது 1000-ஐத் தாண்டக்கூடாது. வகுத்தால் 5.47 வருகிறது. 'கிட்டத்தட்ட ஐந்தரை' என்று எழுதும் பிள்ளையும் உண்டு. அரை நாள் எங்கே தங்குவாய் என்று கேட்டால் சிரித்துக்கொண்டே ஐந்தாகத் திருத்தும். ஐந்து நாளைக்கு 940. மிச்சம் 60. 'இதைத் தாண்டக்கூடாது' என்கிற மாதிரிக் கணக்குக்குச் சமனிலி என்று பெயர்; அந்தப் பாடத்தைத் தனியாக நடத்தினால் தூங்கும் வகுப்பு, அந்த 60-ஐ வைத்து என்ன செய்யலாம் என்று சண்டை போடும்.

அப்புறம் ஒரு வார்த்தை சொல்வேன்: அவசரத்துக்குப் பத்து சதவீதம் தொடாமல் வைத்திருக்க வேண்டும். இப்போது செலவழிக்கக் கையில் இருப்பது 900. வகுத்தால் 4.69, அதாவது நாலு நாள். 'ஐயோ, ஒரு நாள் போச்சு டீச்சர்' என்று சத்தம் வரும். சேமிப்பு பற்றி எவ்வளவு பேசினாலும் ஏறாதது இந்த ஒரு நாளில் ஏறிவிடுகிறது. கையிருப்புக்கும் விலை உண்டு, இங்கே அந்த விலை ஒரு நாள். கொடுக்கலாமா வேண்டாமா என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். நாலு நாளைக்கு 812 போக 188 கையில் நிற்கிறதே, அதில் அந்த 100 போக இன்னும் 88 இருக்கிறதே என்று கணக்குப் பார்க்கும் பிள்ளைதான் வழிக்கு வந்த பிள்ளை.

இதே சமன்பாட்டில் ஒரு பொறியும் இருக்கிறது. நாளொன்றுக்கு சராசரி எவ்வளவு என்று போடச் சொன்னால், இரண்டு நாளுக்கு 278, மூன்று நாளுக்கு 228, நாலு நாளுக்கு 203, ஐந்து நாளுக்கு 188 என்று இறங்கிக்கொண்டே வரும். உடனே ஒரு கை உயரும்: 'அப்ப நிறைய நாள் தங்குனா லாபம்தானே?' ஆமாம் என்று தலையாட்டத் தோன்றும். பயண விளம்பரங்கள் பலவும் நம்மை இப்படித்தான் தலையாட்ட வைக்கின்றன. சராசரி இறங்குகிறது, ஆனால் பையிலிருந்து போகும் பணம் ஒவ்வொரு நாளும் 128 ஏறுகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. வரைபடத் தாளில் இரண்டையும் வரையச் சொன்னால் ஒன்று நேர்கோடு, இன்னொன்று வளைந்து இறங்கும் அதிபரவளையம். எவ்வளவு நாள் தங்கினாலும் அந்த வளைவு 128-ஐத் தொடாது, கிட்டே போய்க்கொண்டே இருக்கும். எல்லை என்ற கருத்தை மேல்வகுப்பில் படிக்கப் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல அறிமுகம் எனக்குத் தெரியவில்லை.

தங்குமிடத்துக்குப் பூஜ்யம் என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தது. 'நாங்க சித்தி வீட்லதான் தங்குவோம்' என்றது. வகுப்பு சிரித்தது. சரி, அப்படியே போடு என்றேன். அறை இல்லையென்றால் செலவு 360 + 68 × நாள். வகுத்தால் 9.41. மற்ற எல்லோரும் ஐந்து நாளில் திரும்பி வந்துகொண்டிருக்க, இந்தப் பிள்ளை ஒன்பது நாள் போய் வருகிறது. சிரிப்பு நின்றுபோனது. பலகையில் இரண்டு கோடுகளையும் ஒன்றாக வரைந்தோம். ஒன்று 300-இல் ஆரம்பித்து வேகமாக ஏறுகிறது, மற்றது 360-இல் ஆரம்பித்து மெதுவாக ஏறுகிறது. எங்கே வெட்டிக்கொள்ளும்? 60 = 60 × நாள், அதாவது ஒரு நாளில். ஒரே நாளில் போய் வந்தால் இருவருக்கும் வித்தியாசம் இல்லை, இரவு தங்க ஆரம்பித்தால்தான் பிரிகிறது. சாய்வு என்றால் என்ன என்று அன்றைக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. சித்திக்கு என்ன வாங்கிப் போவாய், அதைக் கணக்கில் சேர்த்தாயா என்று வேறொரு பிள்ளை கேட்டது. நல்ல கேள்வி, அது மாறாத செலவில் சேரும்.

எண்ணிக்கையை நாலிலிருந்து ஐந்தாக்கினால் அடுத்த வேடிக்கை. அறைக்கு இரண்டு பேர்தான். ஐந்தாவது ஆளுக்கு முழு அறை எடுக்க வேண்டும், அரை அறை யாரும் தரமாட்டார்கள். ஒரு இரவுக்குத் தலைக்கு எவ்வளவு விழுகிறது என்று வரிசையாகப் போட்டால் ஒருவருக்கு 30, இருவர் என்றால் 15, மூவர் என்றால் 20, நால்வருக்கு மறுபடி 15, ஐவருக்கு 18, அறுவருக்கு 15, எழுவருக்கு 17-க்குக் கொஞ்சம் மேலே. வரைந்தால் ரம்பப் பல் மாதிரி மேலும் கீழும் போகும், போகப் போகப் பல்லின் உயரம் குறையும். வகுத்தால் வரும் விடையை எப்போதும் மேலே தள்ளி முழு எண்ணாக்கும் இந்தச் சார்புக்குத்தான் 1962-இல் கென்னத் ஐவர்சன் என்ற கணினி அறிஞர் 'சீலிங்' என்று பெயர் வைத்தார், கீழே தள்ளுவதற்கு 'ஃப்ளோர்'. நாட்களைக் கணக்கிட்டபோது 4.69-ஐக் கீழே தள்ளினோம், அறைக்கு 2.5-ஐ மேலே தள்ளுகிறோம். பாதிக்கு மேல் போனால் கூட்டு, கீழே இருந்தால் விடு என்று சின்ன வகுப்பில் படித்த விதியை இங்கே நம்ப முடியாது. எந்தப் பக்கம் தள்ளுவது என்பதை எண் சொல்லாது, சூழ்நிலைதான் சொல்லும்.

சதவீதத்தை வேகமாகக் கடந்துவிடலாம், ஏனென்றால் இதைத்தான் எல்லோரும் ஏற்கெனவே செய்கிறார்கள். 20 சதவீதத் தள்ளுபடிக்கு மேல் இன்னொரு 10 சதவீதம் என்றால் 30 இல்லை, 28. தள்ளுபடிக்கு முன் வரி போட்டாலும் பின் போட்டாலும் விடை ஒன்றுதான், பெருக்கலுக்கு வரிசை கிடையாது. ஆனால் சதவீதத்தோடு ஒரு நிலையான தொகைக் கழிவும் சேர்ந்தால் வரிசை முக்கியம். 500-இல் முதலில் 50 கழித்துப் பிறகு 10 சதவீதம் குறைத்தால் 405, முதலில் 10 சதவீதம் குறைத்துப் பிறகு 50 கழித்தால் 400. கூப்பனை எப்போது நீட்டுவது என்பதும் கணக்குதான்.

பணமாற்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம். வேறு நாட்டுக்குப் போவதாக வைத்துக்கொண்டால், வெளிநாட்டுப் பணம் ஒன்றை நமக்கு 52-க்கு விற்பார்கள், நம்மிடமிருந்து 48-க்கு வாங்கிக்கொள்வார்கள். கமிஷன் கிடையாது என்று பெரிதாக எழுதிக்கூட வைத்திருப்பார்கள். ஆயிரத்தை மாற்றி, ஒரு பைசா செலவழிக்காமல் திருப்பிக் கொண்டுவந்து மாற்றினால் கையில் எவ்வளவு? 1000 × 48 ÷ 52, கிட்டத்தட்ட 923. பயணமே போகாமல் 77 போய்விட்டது. அதனால் மீந்த பணத்தைத் திருப்பி மாற்றாமல் இருக்க, முதலிலேயே எவ்வளவு மாற்றுவது என்பதைச் சரியாக மதிப்பிட வேண்டும். குறைவாக மாற்றினால் அங்கே போய் எந்த விலைக்குக் கிடைக்கிறதோ அந்த விலைக்கு வாங்க வேண்டும், கூடுதலாக மாற்றினால் திரும்பும்போது நஷ்டம்.

அலகுகள் விஷயத்தில் நான் கறார். எண்ணுக்குப் பக்கத்தில் அலகு எழுதாத வரிக்கு மார்க் கிடையாது. முணுமுணுப்பு வரும்போது ஒரு சம்பவம் சொல்வேன். 1983 ஜூலை 23 அன்று ஏர் கனடாவின் போயிங் 767 விமானம் ஒன்று சுமார் 41,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தபோது எரிபொருள் தீர்ந்து இரண்டு என்ஜின்களும் நின்றுபோயின. கனடா மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்த காலம். தேவைப்பட்டது 22,300 கிலோ. எரிபொருளை லிட்டரில் அளந்து எடையாக மாற்றும்போது, ஒரு லிட்டருக்கு இத்தனை கிலோ என்று 0.8-ஐ ஒட்டிய எண்ணைப் போட வேண்டிய இடத்தில், இத்தனை பவுண்டு என்ற 1.77-ஐப் போட்டுவிட்டார்கள். டாங்கியில் இருந்தது தேவையில் பாதிகூட இல்லை. விமானி அதை கிளைடர் போல மிதக்கவிட்டு, கிம்லி என்ற இடத்தில் இருந்த பழைய விமானப்படைத் தளத்தில் இறக்கினார். யாரும் சாகவில்லை. பெருக்கலில் பிழை இல்லை, வகுத்தலில் பிழை இல்லை, எண்ணுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய சொல்தான் மாறியிருந்தது. இதைக் கேட்டபின் பெரும்பாலும் முணுமுணுப்பு அடங்கிவிடும்.

சொந்த வண்டியில் போவதாகத் திட்டம் போடுகிறவர்களுக்கு எரிபொருளில் இன்னொரு வேலை. 600 கி.மீ. பயணம். லிட்டருக்கு 10 கி.மீ. போகும் வண்டிக்கு 60 லிட்டர் வேண்டும், 15 போகும் வண்டிக்கு 40, 20 போகும் வண்டிக்கு 30. பத்திலிருந்து பதினைந்துக்கு மாறினால் 20 லிட்டர் மிச்சம், பதினைந்திலிருந்து இருபதுக்கு மாறினால் 10தான். இரண்டு இடத்திலும் மைலேஜ் ஏறியது ஐந்தே. தலைகீழ் விகிதம் என்று புத்தகத்தில் இருப்பது இதுதான் என்று சொன்னால் நம்பாத பிள்ளைகள்கூட, 60, 40, 30 என்று எழுதிப் பார்த்ததும் ஒப்புக்கொள்வார்கள். சராசரி வேகமும் அப்படியே. போகும்போது மணிக்கு 60, வரும்போது 40 என்றால் சராசரி 50 இல்லை, 48. தூரத்தை 120 என்று வைத்துப் பார்த்தால் போக இரண்டு மணி நேரம், வர மூன்று, 240-ஐ ஐந்தால் வகுக்க வேண்டும். மெதுவாகப் போகும் வழியில் அதிக நேரம் இருக்கிறோம், அதனால் அதன் வேகம் சராசரியைத் தன் பக்கம் இழுக்கிறது.

எனக்குப் பிடித்த பகுதி வழி போடுவது. ஒரு பயணத்தில் ஐந்து ஊர் பார்த்துவிட்டுக் கிளம்பிய இடத்துக்கே திரும்ப வேண்டும் என்றால் எத்தனை விதமாகப் போகலாம்? ஐந்தின் காரணீயப் பெருக்கம், அதாவது 5 × 4 × 3 × 2 × 1 = 120. ஒரு சுற்றை வலமாகப் போனாலும் இடமாகப் போனாலும் தூரம் ஒன்றே என்பதால் பாதி, 60. உட்கார்ந்து எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிடலாம் என்று தோன்றும். ஊர் பத்தானால்? 18,14,400. வகுப்பில் பெருமூச்சு கேட்கும். 1954-இல் டான்ட்சிக், ஃபுல்கர்சன், ஜான்சன் என்ற கணித அறிஞர்கள் மூவர், அமெரிக்காவின் அப்போதைய 48 மாநிலங்களுக்கு மாநிலம் ஒரு நகரம், கூட வாஷிங்டன் என்று 49 நகரங்களைச் சுற்றிவரும் மிகக் குறைந்த வழியைக் கண்டுபிடித்து, அதைவிடக் குறைந்த வழி இல்லை என்றும் நிரூபித்துக் காட்டினார்கள். எல்லா வழியையும் எண்ணிப் பார்த்து அல்ல. அப்படி எண்ணினால் உலகத்தில் எந்தக் கணினிக்கும் ஆயுள் போதாது. நேரியல் சமனிலிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒத்துவராத வழிகளைக் கூட்டம் கூட்டமாகக் கழித்துக்கட்டினார்கள்.

வகுப்பில் அவ்வளவு தூரம் போவதில்லை. வரைபடத்தை மெத்தையான அட்டையில் ஒட்டி, ஊர்களில் குண்டூசி குத்தி, ஒரு நூலைச் சுற்றிக் கட்டச் சொல்வேன். முதல் முயற்சியில் எங்காவது நூல் நூலைக் குறுக்கே வெட்டும். வெட்டும் இடத்தில் இரண்டு விரலை வைத்து, அந்த இரண்டு துண்டையும் அவிழ்த்து, வெட்டாதபடி மாற்றிக் கட்டு என்பேன். கட்டினால் நூல் மிஞ்சும். எப்போது செய்தாலும் மிஞ்சும். ஏன் என்று கேட்டால் கொஞ்ச நேரம் அமைதி, அப்புறம் யாராவது வெட்டும் புள்ளியை வைத்து இரண்டு முக்கோணம் இருப்பதைக் காட்டுவார்கள். முக்கோணத்தின் இரண்டு பக்கங்களைக் கூட்டினால் மூன்றாவதைவிடப் பெரிது. அவ்வளவுதான் நிரூபணம். நூலுக்கு நேர்கோடு போதும், சாலை அப்படிப் போகாது, நடுவில் ஆறும் மலையும் இருக்கும் என்று ஒரு பிள்ளை எப்போதும் எதிர்வாதம் செய்யும். அதுவும் சரியே. வரைபடத்தில் அளந்த நேர்கோட்டுத் தூரத்துக்கும் உண்மையான சாலைத் தூரத்துக்கும் என்ன விகிதம் என்று சில ஊர்களுக்கு எடுத்துப் பார்க்கச் சொல்லிவிடுவேன், வாதம் செய்தவருக்கே அந்த வேலை.

பார்க்க வேண்டிய இடங்களைத் தேர்ந்தெடுப்பதும் இதே ரகம். நுழைவுச்சீட்டுகளுக்கு 100தான் இருக்கிறது. ஓர் இடத்துக்கு 60, அதற்குப் பிள்ளைகள் போட்ட விருப்ப மதிப்பெண் 7. மற்ற இரண்டுக்குத் தலா 50, மதிப்பெண் தலா 5. பணத்துக்கு அதிக மகிழ்ச்சி தருவது எதுவோ அதை முதலில் எடு என்றால் 60-ஐ எடுப்போம், மிச்சம் 40-இல் எதுவும் வாங்க முடியாது, கிடைத்தது 7. அதை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் எடுத்திருந்தால் 10. ஒவ்வொரு படியிலும் நல்லதையே எடுத்தும் மொத்தத்தில் கெட்டதில் போய் நிற்கலாம் என்பதை ஏற்க மறுக்கும் பிள்ளைகளை எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் அவர்கள்தான் வீட்டுக்குப் போய் வேறு எண்களைப் போட்டுப் பார்ப்பார்கள்.

நேர மண்டலம் தேவைப்படுகிறவர்களுக்கு மட்டும். பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறது, 1884-இல் வாஷிங்டனில் கூடிய மாநாடு கிரீனிச்சைத் தொடக்கமாக வைத்தது, ஆனால் நேபாளம் போல ஐந்தே முக்கால் மணி வித்தியாசம் வைத்திருக்கும் நாடுகளும் உண்டு என்பதெல்லாம் அவர்களே தேடிப் படித்துக்கொள்வார்கள். ஒரு கேள்வி மட்டும் என் பங்குக்கு. தேதிக்கோட்டின் மறுபக்கத்துக்கு மாறுவதற்காக சமோவா நாடு 2011 டிசம்பர் 30-ஐ நாட்காட்டியிலிருந்தே தூக்கிவிட்டது. 29-ஆம் தேதி ராத்திரி அங்கே அறை எடுத்தவர் 31-ஆம் தேதி காலையில் காலி செய்தால் எத்தனை இரவுக்கு வாடகை? கழித்தால் இரண்டு, தூங்கியது ஒன்று.

இனி, இந்த ப்ராஜெக்டில் மிகவும் குறைவாகக் கவனிக்கப்படும் விஷயம். பிள்ளைகள் கொண்டுவரும் பட்ஜெட்டில் எண்கள் அநியாயத்துக்குத் துல்லியமாக இருக்கும். மொத்தம் 937.45 என்று. அந்தப் புள்ளி நாற்பத்தைந்து எங்கிருந்து வந்தது என்று கேட்டால் இணையத்தில் அப்படித்தான் போட்டிருந்தது என்பார்கள். எந்தத் தேதியில் பார்த்தாய், எந்தத் தேதிப் பயணத்துக்கு? பதில் இருக்காது. டிக்கெட் விலை என்பது நாளுக்கு நாள், சில சமயம் மணிக்கு மணி மாறுவது. அதை மாறிலியாக எழுதிவைப்பது அளவீட்டை நேரம் குறிக்காமல் எழுதுவது போலத்தான். அதனால் ஒவ்வொரு செலவுக்கும் மூன்று எண் கேட்கிறேன்: குறைந்தது, நடப்பது, கூடினால் எவ்வளவு.

இதிலும் மனித மனம் ஒரு வேலை காட்டும். டேனியல் கானமேன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் 1979-இல் சொன்ன விஷயம் இது: திட்டம் போடும்போது எல்லாம் சுமுகமாக நடக்கும் என்ற நினைப்பிலேயே போடுகிறோம், முன்பு எத்தனை முறை அப்படி நடக்கவில்லை என்பது தெரிந்திருந்தும். 1994-இல் ரோஜர் பியூலரும் உடன் ஆய்வாளர்களும், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த கல்லூரி மாணவர்களிடம் முடிக்க எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார்கள். சராசரியாக வந்த பதில் 34 நாள். போகட்டும், எல்லாமே கோளாறானால்? 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கும் மேல். ஆக, 'கூடினால் எவ்வளவு' என்று கேட்டு வாங்கிய எண்ணும் போதாது. அதற்கு மருந்து தன் கற்பனையைக் கேட்பதல்ல, இதே மாதிரிப் பயணம் போய் வந்தவர்களைக் கேட்பது. நினைத்தது எவ்வளவு, ஆனது எவ்வளவு? அந்த விகிதத்தை நம் திட்டத்தின் மேல் பெருக்கு.

மேல்வகுப்பாக இருந்தால் இன்னொரு படி போகலாம். ஐந்து செலவுகள், ஒவ்வொன்றும் 20 கூடலாம் குறையலாம். மொத்தம் 100 கூடிவிடுமா? ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லாத காரணங்களால் மாறுபவை என்றால் ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும், மொத்த விலகல் 20 × √5, ஏறக்குறைய 45-ஐ ஒட்டி இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். ஆனால் எரிபொருள் விலை ஏறினால் டிக்கெட்டும் ஏறும், வண்டி வாடகையும் ஏறும், சாப்பாடும் ஏறும். அப்போது எல்லாம் ஒரே பக்கம் சாயும், இந்த √5 கை கொடுக்காது.

கணினியில் அட்டவணை போட்டுக் கொண்டுவரலாமா என்று கேட்பார்கள். தாராளமாக, ஆனால் முதல் சுற்று கையால்தான். எக்செலில் ஒரு கட்டத்தில் எண்ணை நேரடியாக அடித்துவிட்டு, மற்ற கட்டங்களில் சூத்திரம் போட்ட பிள்ளை, ஆட்களின் எண்ணிக்கையை மாற்றியதும் பாதி மாறி பாதி மாறாமல் நிற்பதைப் பார்த்து விழிக்கும். கையால் ஒரு முறை போட்டிருந்தால் எது எதைச் சார்ந்தது என்பது தெரிந்திருக்கும்.

திட்டம் எல்லாம் கொடுத்து முடித்தபின் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு துண்டுச்சீட்டு கொடுப்பேன். கிளம்புவதற்கு முதல் நாள் நாலு பேரில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை, வரவில்லை. இப்போது கணக்கு என்ன? முதலில் எல்லோரும் நாலை மூன்றாக்கிப் பெருக்குவார்கள். அறை இரண்டிலிருந்து ஒன்றரை ஆகாதே என்று சீலிங் ஞாபகத்துக்கு வரும். வண்டிக்கும் அதே 20. ஐந்து நாளுக்கு டிக்கெட் 270, அறை 240, சாப்பாடு 180, வண்டி 100, மொத்தம் 790. நாலு பேராக இருந்தபோது தலைக்கு 235, இப்போது 263-க்கு மேல். ஆள் குறைந்ததும் செலவு ஏறிவிட்டது. இதில் வராதவருடைய டிக்கெட் பணம் திரும்பக் கிடைக்காது என்றால் அந்த 90-ஐ யார் ஏற்பது? மூன்று பேர் பங்கு போட்டால் தலைக்கு 293.

இங்கேதான் வகுப்பு இரண்டாகப் பிரியும். உடம்பு சரியில்லாதவரிடம் எப்படிப் பணம் கேட்பது என்று ஒரு பக்கம். மற்ற மூவரும் அதே 235-தான் கொடுக்க வேண்டுமென்றால் அவர் எவ்வளவு தர வேண்டும் என்று இன்னொரு பக்கம் கணக்குப் போட ஆரம்பிக்கும். டிக்கெட் 90, அறையில் அவர் பங்கு 60, வண்டியில் 25, ஆக 175. வீட்டில் படுத்திருப்பவருக்கு மிச்சமாவது சாப்பாட்டுக் காசு 60 மட்டும். டிக்கெட்டை மட்டும் அவர் ஏற்கட்டும் என்று மூன்றாவது கட்சி ஒன்று கிளம்பும். பூஜ்யம், 90, 175 என்று மூன்று எண்ணும் பலகையில் நிற்கும், மூன்றுக்கும் பிழையில்லாத கணக்கு உண்டு. மணி அடித்த பிறகும் வராந்தாவில் அந்தச் சண்டை கேட்கும்.